பதினோரு மடக்குக் கட்டில்கள்

ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு டாலர். ஒன்று நூற்று இருபத்தாறு வீதம் பதினோரு மடக்குக் கட்டில்களுக்கு நான் மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய தொகை அது. பிப்ரவரியில் வந்த கடிதத்தை மர மில்லின் பின்பக்கம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், மரத்தூள் ஒட்டிய விரலை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்துப் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றுக்கொண்டது நாற்பத்து மூன்றாவது வயதில். அதன் பிறகு படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. போன அக்டோபர் வெள்ளத்தில் நாற்பது கட்டில்களைப் பெற்றுக்கொண்டதாகப் போட்ட கையெழுத்தும் படித்துவிட்டுப் போட்டதுதான். எண்ணிக்கை குறைந்தால் கையெழுத்திட்டவரே பொறுப்பு என்று அதில் இருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எங்கள் மாநிலத்தின் தொண்டர் காவல் படையில், கம்பெனி என்று சொல்லும் எங்கள் ஊர்ப் பிரிவுக்கு, பதினாறு வருடமாக நான் சப்ளை சார்ஜெண்ட்; சரக்கும் கணக்கும் என் பொறுப்பு. சம்பளம் கிடையாது, துப்பாக்கி கிடையாது, உடுப்பும் பூட்ஸும் சொந்தக் காசு. வாஷிங்டன் எங்களைப் போருக்கு அனுப்ப முடியாது. ஆளுநர் கூப்பிட்டால் போவோம். சாலையில் விழுந்த மரத்தை அறுப்போம், முகாம் பார்த்துக்கொள்வோம், தண்ணீர் பாட்டில் இறக்குவோம். பயிற்சி நாளில் பெட்ரோல் பங்கில் காப்பிக்கு நின்றால் எவனாவது, "என்னப்பா பொம்மைப் பட்டாளம், இன்னைக்கு எந்த நாட்டு மேல படையெடுப்பு?" என்பான். சிரித்துவிட்டு வருவோம். அவன் கூரைமேல் ஓக் மரம் சாய்ந்தால் எங்களைத்தான் கூப்பிடுவான் என்பது அவனுக்கும் தெரியும்.

அந்த அக்டோபரில் ஓடை ஒரே ராத்திரியில் பதினெட்டு அடி ஏறியது. மறுநாள் காலை உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் நாற்பது கட்டில்களை விரித்தோம். ஒன்பது நாள் ஜனங்கள் அங்கேதான் தூங்கினார்கள். பத்தாவது நாள் பள்ளிக்கூடம் திறக்க வேண்டும், எல்லோரும் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு. கிளம்பி எங்கே போவது என்று உத்தரவில் இல்லை. வெர்னா ஹென்ஸ்லி என் முன்னால் வந்து நின்றாள். அவளும் புருஷன் ஓட்டிஸும் இருந்த டிரெய்லர் வீட்டை ஓடை கொண்டுபோய்விட்டது. "இத எடுத்துட்டுப் போகட்டுமா டெல்மர்? தம்பி வீட்டு கராஜ்ல சிமெண்ட் தரைதான். ஓட்டிஸுக்கு அதுல படுத்தா மூச்சு வாங்குது" என்றாள். "கையெழுத்து எங்க போடணும்?" என்றும் கேட்டாள். எங்கள் படையில் ஒரு வாளியை இரவல் கொடுத்தாலும் வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதற்கான நோட்டு என் கையில்தான் இருந்தது. ஒன்பது நாளாக ஒவ்வொரு சோப்புக்கும் படிவம் நிரப்பிக் களைத்த முகம் அவளுடையது. தாளுக்கு முன்னால் தலை குனிந்து நிற்பது எப்படி இருக்கும் என்று நாற்பத்து மூன்று வருடம் எனக்குத் தெரியும். "போட வேணாம்" என்று நானே கட்டிலை மடக்கி வண்டியில் ஏற்றிவிட்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பத்துக் குடும்பம் பின்னால் வந்தது. அவர்களிடம் மட்டும் எப்படிக் கையெழுத்துக் கேட்பது?

கடிதம் வந்த வாரமே கேப்டன் லொரெட்டா ஸ்டாம்பர் மில்லுக்கு வந்தார். வார நாட்களில் அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காலிப் பேருந்தை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"அந்தப் பதினோரு பேர் யாரு யாருன்னு எழுதிக் குடு டெல்மர். தலைநகர்லேருந்து மேஜர் வர்றாரு. படையைச் சுருக்கப் போறாங்க. எந்தக் கம்பெனி இருக்கலாம், எது வேணாம்னு பாக்கறாங்க. கணக்குல ஓட்டை இருந்தா மொதல்ல நம்ம தலைதான்."

"எழுதிக் குடுத்தா?"

"பில்லு அவங்க பேருக்குப் போகும். நீ தப்பிச்ச. கம்பெனியும் தப்பிக்கலாம்."

"வெர்னாவுக்கு பில்லு அனுப்பச் சொல்றீங்க."

"நான் எங்க சொன்னேன்? மாநிலம் அனுப்பும்." அவர் பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருபத்திரண்டு வருஷம் டெல்மர். இந்தக் கம்பெனிய என் சமையக்கட்டு மேசையிலதான் ஆரம்பிச்சேன். இல்லைன்னா, போய்க் கட்டிலையாவது திருப்பி வாங்கிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை டுவைட்டைக் கூட்டிக்கொண்டு போனேன். சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை செய்தவன், கம்பெனியிலேயே வயதில் மூத்தவன். வெர்னாவின் தம்பி வீட்டுக் கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. புல்வெட்டும் மெஷினுக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவே எங்கள் கட்டில். அதில் ஓட்டிஸ், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, எங்களைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார். அரசாங்கம் தருவதாகச் சொன்ன வீடு இன்னும் வரவில்லை. வெர்னா என் கண்ணைப் பார்க்காமல், "கட்டிலுக்கா வந்தீங்க?" என்றாள்.

"சேச்சே" என்றான் டுவைட். "இந்தக் கெழவன் இன்னும் இருக்கானான்னு பாக்க வந்தோம். எனக்கு அஞ்சு டாலர் பந்தயத்துல போச்சு."

ஓட்டிஸ் சிரித்து இருமினார். வெர்னா பிஸ்கட்டும் ஆப்பிள் ஜாமும் கொடுத்தாள். மற்ற பத்து வீட்டுக்கு நாங்கள் போகவில்லை. திரும்பும்போது டுவைட், "நல்ல வசூல்டா. காலி வண்டியும் ரெண்டு பிஸ்கட்டும்" என்றான்.

மேஜர் விட்ஃபீல்ட் மோசமானவர் இல்லை. தலைநகரில் வக்கீல். அவரும் எங்களைப் போலச் சம்பளம் வாங்காமல்தான் வந்திருந்தார். எங்கள் கம்பெனியின் பத்தொன்பது பேரும் அவர் முன்னால் வரிசையாக உட்கார்ந்தோம். இனிப் படைக்குத் தேவை கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள், டாக்டர்கள், வக்கீல்கள் என்று படம் போட்டுக் காட்டினார். மின்சார வாரியத்தின் கம்ப்யூட்டரை எங்கிருந்தோ ஒருவன் பூட்டிவிட்டால் யார் திறப்பது என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான் என்று எனக்குப் பட்டது.

"மரம் அறுக்க கான்ட்ராக்டருங்க இருக்காங்க" என்றார்.

"அவங்க நாலாவது நாள் வந்தாங்க சார்" என்றார் கேப்டன். "நாங்க மொத நாள் விடியறதுக்குள்ள வந்துட்டோம்."

"தெரியும் கேப்டன். ஆனா உங்க கம்பெனியோட சராசரி வயசு அறுபத்தொண்ணு."

"அது என்னால சார்" என்றான் டுவைட். "என்னைக் கழிச்சுப் பாருங்க, அறுபதுதான் வரும்."

மேஜரும் சிரித்துவிட்டார். பிறகு தாளைப் புரட்டி என் பக்கம் திரும்பினார். "சார்ஜெண்ட், பதினோரு கட்டில். யார் எடுத்தாங்க?"

கேப்டன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு பெயரும் எனக்கு வரிசையாகத் தெரியும். வாயைத் திறந்தால் வெர்னாதான் முதலில் வருவாள்.

"யாரும் எடுக்கல சார். நான்தான் குடுத்தேன்."

"யாருக்கு?"

"தேவைப்பட்டவங்களுக்கு."

"எனக்குப் பேர் வேணும்."

"என் பேர் அதுல இருக்கு சார்."

மேஜர் என் பேரில் மாதம் அறுபது டாலர் தவணை என்று எழுதிக்கொண்டார். எல்லோரும் போன பிறகு கேப்டனிடம், "என் மேல கோவமா?" என்றேன். "ஆமா" என்றார். கொஞ்சம் கழித்து, "போய்க் காப்பி போடு" என்றார்.

மார்ச்சில் அறுபது கட்டினேன், ஏப்ரலில் அறுபது. மே மாதம் உத்தரவு வந்தது. எங்கள் கம்பெனி கலைக்கப்படுகிறது. காரணம் எழுதவில்லை. வயதாலா, கட்டிலாலா என்று நான் யாரையும் கேட்கவில்லை, கேப்டனும் சொல்லவில்லை. கடைசிச் சனிக்கிழமை சரக்குகளை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக லாரி வந்தது. மேஜரே கூட வந்திருந்தார். மேசைமேல் என் கணக்குத் தாளை வைத்து, ஆயிரத்து இருநூற்று அறுபத்தாறு டாலர் என்ற பாக்கித் தொகையின் குறுக்கே கோடு இழுத்தார். பக்கத்தில் தள்ளுபடி என்று எழுதினார்.

"கம்பெனியே இல்லாதப்போ அதுக்கு எப்படி பாக்கி இருக்கும் சார்ஜெண்ட்?" என்று மெல்லக் கேட்டு என்னிடம் ஒரு நகலைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வெளியே போனேன்.

யாரும் உத்தரவு போடாமலே மற்ற பதினெட்டுப் பேரும் கதவிலிருந்து லாரி வரை வரிசையாக நின்றிருந்தார்கள். கட்டில்கள் கை மாறிக் கை மாறிப் போயின. நான் கதவடியில் நின்று எண்ணினேன். கேப்டன் என் பக்கத்தில் நின்று வாங்கி அடுத்த கைக்குக் கொடுத்தார். இருபத்தேழு. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. அதுதான் கடைசிக் கட்டில். அது வரிசையில் ஒவ்வொருவராகக் கடந்து லாரியின் விளிம்பில் நின்ற டுவைட்டிடம் போய்ச் சேர்ந்தது. அவன் அதை உள்ளே அடுக்கிவிட்டு, மூச்சு வாங்க எங்கள் பக்கம் திரும்பி, அடுத்ததற்குக் கைகளை நீட்டிக்கொண்டு நின்றான்.