மச்சானின் புது மிசின்

யுத்தம் முடிந்த மறுவருசம் கொழும்புக் கம்பனியொன்று மட்டக்களப்பில் அரிசி ஆலைகளை வாங்க வந்தது. அதன் திட்ட அதிகாரி பிரஷாந்தி, பழுகாமத்தில் கோணாமலையின் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு விசயத்தைச் சொன்னாள்.

“ரெண்டு மில்லை வாங்கி ஒரே கம்பனியாக்கப் போறம் ஐயா. ஒண்டு உங்கட. மற்றது கல்லடியில சீனித்தம்பி ஐயாட. நிர்வாகத்த அவர் பார்ப்பார்.”

சீனித்தம்பி கோணாமலையின் மனைவி சீதேவிப்பிள்ளையின் அண்ணன்.

“ஏன் பிள்ள, அவன்?”

“பழுதரிசி பிரிக்கிற புது மிசின் அவரிட்டத்தானே இருக்கு.”

கோணாமலைக்கு நெஞ்சு எரிந்தது. சுனாமி சீனித்தம்பியின் பழைய ஆலையை வாரிக்கொண்டு போனபோது, வாவி கடந்து ஓடிப்போய்ச் சேறு அள்ளியவர் அவர். மச்சானைக் கட்டிப்பிடித்து அழுதவர். ஒரு வருசத்தில் தொண்டு நிறுவனமொன்று வெளிநாட்டு மிசின் இறக்கிக் கொடுத்ததும், அந்த அழுகை வீணாய்ப் போனதாகத் தோன்றியது. பிறகு வாவிக்கு இந்தப் பக்கம், படுவான்கரையில் ஷெல் விழுந்து இவருடைய ஆலைக்கூரை பிய்ந்தது. ஒரு தகரம் கொடுக்கக்கூட எவரும் வரவில்லை. இப்போது அவனுக்குக் கீழே கைகட்டி நிற்பதா?

“அந்த மிசின் அவன்ட இல்ல பிள்ள” என்றார். “மில்காரர் சங்கத்துக்குக் குடுத்தது. அவன் தலைவர் மட்டும்தான். விக்க ஏலா. விசாரிச்சுப் பாருங்க.”

சொன்னது உண்மைதான். பிரஷாந்தி விசாரித்தாள். திட்டம் மாறியது. கம்பனி கோணாமலையின் ஆலையை மட்டும் வாங்கியது. கையெழுத்துப் போட்ட அன்று அவர் ஊருக்கெல்லாம் சர்பத் கொடுத்தார்.

அடுத்த போகத்துக்குள் கம்பனி ஆலையின் மிசின்களைக் கழற்றி விற்றுவிட்டது. அதற்கு வேண்டியிருந்தது நெல் மட்டுமே. கட்டடம் களஞ்சியமானது. வட்டைகளில் விளைந்த நெல் லொறி லொறியாய்ப் பொலன்னறுவையிலிருந்த கம்பனியின் பெரிய ஆலைக்குப் போனது. ஆலோசகர் என்ற பெயரில் அவருக்கு ஒரு மேசையும் கதிரையும் போட்டார்கள். ஆலோசனை கேட்க ஆள் வரவில்லை. கல்லடியிலோ மிசின் இரவு பகலாய் ஓடியது.

சீனித்தம்பியின் மகளுக்குக் கலியாணம் வந்தது. தலைகுனிந்து உள்ளே போன கோணாமலையை மச்சானே கைபிடித்து இழுத்து இருத்தினார்.

“மிசின் சங்கத்திட எண்டு கம்பனிக்கு நீதான் சொன்னதாமே? நல்ல வேலை செஞ்சாய் மச்சான். ஆசைப்பட்டு நானும் வித்திருப்பன். மறுகா மில்லும் இல்லாம உன்னப் போலத்தான் நிண்டிருப்பன்.”

அதில் குத்தலே இல்லை. சீனித்தம்பி நாலு பேருக்கு முன்னால் திட்டியிருந்தால் கோணாமலை நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். இப்போது சோறு இறங்கவில்லை.

திரும்பும்போது சீதேவிப்பிள்ளை கேட்டாள்: “அண்ணன் என்ன சொன்னார்?”

“பெருமை பேசினான்” என்றார் கோணாமலை.