நான்கின் கீழே ஒரு கோடு

வீட்ஸ்கா பத்து மணிக் காப்பிக்கு எழுந்திருக்கும் நேரத்தில்தான் லீஸ்பெத் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். கிழிந்த பழந்தாள்களைச் சீர்செய்வது அவள் வேலை. லெய்டன் ஆவணக் காப்பகத்தில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை; இன்று ஓடித்தான் வந்திருந்தாள்.

"வீட்ஸ்கா, சீக்கிரம் வாங்க. ஹெரிங்கா கடுதாசியில ஒட்டியிருந்த தாள்பட்டை கழண்டுடுச்சு. தேதிக்குக் கீழ இன்னொரு தேதி இருக்கு."

"என்ன தேதி?"

"பதினாலு."

காப்பிக் கோப்பையை எங்கே வைத்தோம் என்று வீட்ஸ்காவுக்கே தெரியவில்லை.

விஷயம் இதுதான். 1657இல் ஃபிரானேக்கரிலிருந்து ஹெரிங்கா என்ற கணித அறிஞர், லெய்டனில் இருந்த வெர்ஸ்கோருக்கு ஒரு கடிதம் எழுதினார். வளைகோட்டுக்குள் அடங்கும் பரப்பைக் கண்டுபிடிக்கும் வழி அதில் இருந்தது. தேதி, மே நான்கு. அதே வழி வெர்ஸ்கோரின் நோட்டிலும் இருக்கிறது. தேதி, மே ஒன்பது. பதினெட்டு வருடங்களுக்கு முன் இந்தக் கடிதங்களைப் பதிப்பித்த வீட்ஸ்கா அடித்துச் சொன்னாள்: கடிதத்தைப் படித்துவிட்டுத் தன் சரக்குபோல எழுதிவைத்துக்கொண்டார், வெர்ஸ்கோர் ஒரு திருடர். மாநாட்டில் கைதட்டினார்கள். வெர்ஸ்கோர் பெயர் பொறித்த வகுப்பறைப் பலகையைக் கழற்றினார்கள். திருடனைப் பிடித்துக் கொடுத்தவளுக்குத் தலைமைப் பதிப்பாசிரியர் நாற்காலி கிடைத்தது.

ஆனால் அந்தக் காலத்தில் லெய்டன் நாட்காட்டி வேறு, ஃபிரானேக்கர் நாட்காட்டி வேறு. ஒரே நாடுதான், இருந்தும் ஃபிரானேக்கர் பத்து நாள் பின்னால் கிடந்தது. குழப்பம் வேண்டாம் என்பவர்கள் இரண்டு தேதியும் போடுவார்கள். மேலே தங்கள் ஊர்த் தேதி, நடுவில் ஒரு கோடு, கீழே எதிராளி ஊர்த் தேதி, பள்ளிக்கூடத்துப் பின்னம் மாதிரி. ஹெரிங்கா கடிதத்தில் நான்கு மட்டுமே தெரிந்தது. அதன் கீழே, எப்போதோ ஒரு பைண்டர் கிழிசலை மறைக்க ஒட்டிய தாள்பட்டை. ஒற்றைத் தேதி போட்டால் ஹெரிங்கா லெய்டன் தேதிதான் போடுவார் என்று வீட்ஸ்கா மூன்று கடிதங்களைக் காட்டி வாதாடினாள்.

நான்குக்குக் கீழே பதினான்கு என்றால் என்ன அர்த்தம்? லெய்டன் கணக்கில் கடிதத்தின் தேதி மே பதினான்கு; வெர்ஸ்கோர் தன் வழியை எழுதி ஐந்து நாள் கழித்துத்தான் அந்தக் கடிதமே பிறந்தது. திருட்டும் இல்லை, திருடனும் இல்லை.

இதை அப்போதே சொன்னவன் ஒருவன் உண்டு. கூட வேலை பார்த்த மைண்டர்ட். "பட்டையத் தூக்கிப் பாத்துடலாம், ஒரு கையெழுத்துப் போடு" என்று வந்து நின்றான். பதிப்பாசிரியர் கையெழுத்து இல்லாமல் ஒட்டிய தாளைத் தொடக்கூடாது, அது காப்பக விதி. அவள் போடவில்லை. போடாததோடு விட்டாளா? 'மைண்டர்ட் வரலாற்றைப் பசைக்கு அடியில் தேடுகிறார்' என்று பத்திரிகையில் எழுதினாள். ஊரே சிரித்தது. மறு வருடம் அவன் வேலையை நீட்டிக்கும் பேச்சு வந்தபோது அவனுக்காக அவள் வாய் திறக்கவில்லை. இப்போது ஃபிரானேக்கரில் மச்சான் கடையில் ரொட்டி சுடுகிறான்.

"உங்க மேல என்ன தப்பு?" என்றாள் லீஸ்பெத். "பட்டை மூடியிருந்துச்சு. யாருக்குத்தான் தெரிஞ்சிருக்கும்?"

அந்த ஆறுதல்தான் வீட்ஸ்காவைக் குத்தியது. ஏனென்றால் பட்டை முழுசாக மூடவில்லை. இரண்டு தேதிக்கு நடுவே போடும் அந்தக் கோட்டின் நுனி, மயிரிழை அளவு, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அன்று அவள் அதைப் பார்த்தாள். அச்சுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. கையில் ஒரு திருடன் இருந்தான். விட மனம் வரவில்லை. இப்போது பட்டையும் கழன்றுவிட்டது, நுனி மட்டும் தெரிந்ததற்கு இனிச் சாட்சி கிடையாது.

தன் அறைக்குப் போய்த் திருத்தக் குறிப்பு எழுதினாள். 'பட்டையால் மறைந்திருந்ததால் இரண்டாம் தேதி பதிப்பாசிரியரின் கண்ணில் படவில்லை.' எல்லாரும் எழுதும் வாக்கியம். படிக்க நன்றாகத்தான் இருந்தது. தன்னை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் போட்டாள்.

"ரொட்டிக் கடை."

"மைண்டர்ட், நான் வீட்ஸ்கா பேசறேன்."

"சர்க்கரை ரொட்டி தீந்துபோச்சு. நாளைக்கு வா."

"பட்டை கழண்டுடுச்சு. கீழ பதினாலு இருக்கு. நீ சொன்னதுதான் சரி."

அங்கே கடை மணி அடித்தது. "அது நேத்துச் சுட்டது, இத எடுத்துக்குங்க" என்று யாரிடமோ சொன்னான். பிறகு, "ஒண்ணு கேக்கறேன். கோட்டு நுனி அப்பவே வெளிய தெரிஞ்சுதே, நீ பாத்தியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பாத்தேன்."

"தெரியும். உன் பின்னாடிதான் நின்னேன். உன் விரல் அந்த எடத்துல போய் நின்னுச்சு. அப்புறம் பக்கத்தத் திருப்பிட்ட."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"பசைக்கடியில தேடுறவன் பேச்ச எவன் நம்புவான்? நீயே சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். சொல்லல. மாவு பிசையப் போயிட்டேன்."

"மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

"என்னை விடு, நான் பொழச்சுக்கிட்டேன். செத்து முந்நூறு வருஷமானவன் எங்க போய் ரொட்டி சுடுவான்? அவனுக்காக எழுது. அடுப்புல வேலை கெடக்கு, வைக்கறேன்."

மதியம் லீஸ்பெத் அச்சுக்கு அனுப்பும் தாளை வாங்க வந்தாள். நின்றபடியே படித்தாள். பழைய வாக்கியம் அடிக்கப்பட்டு, கீழே புதிதாக எழுதியிருந்தது: 'கோட்டின் நுனி வெளியே தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். பட்டையைத் தூக்கிப் பார்க்க மைண்டர்ட் பைல்ஸ்மா கேட்டார். நான் கையெழுத்துப் போடவில்லை. ஆட்ரியான் வெர்ஸ்கோர் எதையும் திருடவில்லை.'

"இத இப்படியேவா போடப் போறீங்க? உங்க நாற்காலி என்னத்துக்கு ஆகும்?"

"குடு, ஒண்ணு விட்டுப்போச்சு" என்று வீட்ஸ்கா தாளைத் திரும்ப வாங்கினாள். அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.