தேவானந்தத்தின் நான்கு தேதிகள்

தபீதாள் டீச்சர் தனி தியானத்துக்கென்று எடுத்த நான்கு பைபிள்களிலும் அவருடைய கணவர் தேவானந்தம் நான்கு வெவ்வேறு தேதிகளில் இறந்திருந்தார். தேவானந்தமோ அந்த நேரத்தில் சிட்லபாக்கம் ஏரியை இரண்டு சுற்று நடந்துவிட்டு, பால் பாக்கெட்டோடு கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்திரண்டு. சர்க்கரை கிடையாது, பிரஷர் கொஞ்சம் உண்டு.

டீச்சர் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் தமிழ் நடத்தி 2025 மே மாதம் ஓய்வு பெற்றார். இனிமேலாவது நிதானமாக வேதம் வாசிக்கலாம் என்று பார்த்தால் பழைய பைபிளின் எழுத்து கண்ணுக்குப் பிடிபடவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஜாய்சன் கடைக்குப் போய் அதே பழைய மொழிபெயர்ப்பில் பெரிய எழுத்தாக ஒன்று வாங்கி வந்தார். புது பைபிள் வீட்டுக்கு வந்தால் முதல் அதிகாரத்தை வாசிக்கும் முன்பே குடும்பப் பக்கத்தை நிரப்பிவிட வேண்டும் என்பது அவருடைய அப்பா வீட்டு வழக்கம். பிறப்பு, திருமணம், மரணம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். டீச்சர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது மூன்றும் நிரம்பியிருந்தன. எழுத்து அவருடைய எழுத்தேதான், கரும்பலகையில் எழுதி எழுதிக் குண்டான எழுத்து. தன் பிறப்பு, கல்யாணம், மகள் ஜெரூஷா பிறந்த நாள், அப்பா அம்மா காலமான நாள் எல்லாம் சரியாக இருந்தன. கடைசி வரியில் ‘தேவானந்தம், 19.10.2025’ என்று இருந்தது.

அன்றைக்குத் தேதி ஜூன் ஒன்பது. டீச்சர் முதலில் வெள்ளை மை பூசினார். மறுநாள் அந்த வெள்ளை மையின் மேலேயே தேதி இருந்தது. பக்கத்தைக் கிழித்தார், அடுத்த பக்கத்தில் பொருளடக்கத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. ஜாய்சனிடம் திருப்பிக் கொடுக்கப் போனதற்கு, “கிழிச்சு, எழுதி, ஒயிட்னர் வேற போட்டுக் கொண்டாறீங்களே டீச்சர், இதை நான் யார் தலைல கட்டறது?” என்று சிரித்துவிட்டு, போனால் போகிறதென்று வேறு பிரதி கொடுத்தார். கடையில் வெறுமையாக இருந்த பக்கம் வீட்டுக்கு வந்ததும் அதே தேதியைக் காட்டியது. அப்போதுதான் குற்றம் பிரதியில் இல்லை, மொழிபெயர்ப்பில் இருக்கிறது என்று டீச்சருக்குப் புரிந்தது. இலக்கணம் நடத்தியவர் அல்லவா, விதியைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார்.

கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பை வாங்கினார். அதில் 2029 பிப்ரவரி. ஜெரூஷா கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு ஆங்கில பைபிளை அனுப்பினாள். அதன் குடும்பப் பக்கத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு டீச்சர் இரண்டு நாள் வாசிக்க மட்டும் செய்தார். புதன்கிழமை காலை தேவானந்தம் நெஞ்சைத் தடவிக்கொண்டு, “என்னமோ அழுத்தற மாதிரி இருக்கு தபி” என்றார். டீச்சர் ஓடிப்போய் பக்கத்தைத் திருப்பினார். மறுநாள், வியாழக்கிழமை என்று போட்டிருந்தது. அந்த பைபிளை மூடி, செய்தித்தாளில் சுற்றி, கொரியரில் மகளுக்கே திருப்பி அனுப்பிவிட்டு பொது மொழிபெயர்ப்பைத் திறந்து வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை தேவானந்தம் வழக்கத்தைவிட மூன்று இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். ஆக, எதை வாசிக்கிறோமோ அதிலுள்ள தேதிதான் செல்லும். வாக்கியம் என்னமோ சுலபமான வாக்கியந்தான்.

நான்காவதாக வந்தது எளிய தமிழ் மொழிபெயர்ப்பு. அதில் 2043 ஆகஸ்ட் ஏழு, வெள்ளிக்கிழமை. எண்பது வயது. டீச்சர் அந்தப் பக்கத்தின்மேல் முகத்தை வைத்து அழுதார். சந்தோஷத்தில்தான் அழுதார், ஆனால் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. ஏனென்றால் அந்த மொழிபெயர்ப்பை அவர் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால், கேஸ் ஏஜென்சி அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று கேலி செய்திருக்கிறார். பழைய மொழிபெயர்ப்பு அவருக்கு நாக்கில் ஊறிய பாஷை. ஏழு வயதில் அவரை அப்பா வேதத்திலுள்ள ஒரு சங்கீதத்தை ஒப்பிக்கச் சொல்லிவிட்டுத்தான் காலையில் காபித் தம்ளரைக் கையில் கொடுப்பார். அம்மா செத்தபோதும் ஜெரூஷா பிறந்தபோதும் அவருக்கு வாயில் வந்தது அந்தச் சங்கீதந்தான். இப்போது அதை விட வேண்டும். விட்டார். விடிந்ததும் எளிய தமிழைத் திறந்து வைத்துக்கொண்டு, ருசியில்லாத மருந்துக் கஞ்சியைக் குடிப்பதுபோல் ஒரு நாளைக்கு மூன்று அதிகாரம் வாசித்தார். ஜெபம் ஒட்டவே இல்லை. யாரோ அந்நியரிடம் பேசுவதுபோல் இருந்தது.

கண்ணை மூடிவிடலாம், புத்தகத்தையும் மூடிவிடலாம். மனப்பாடத்தை என்ன செய்வது? சப்பாத்தி மாவு பிசையும்போது பழைய வார்த்தைகள் தாமாக எழும்பி உதடுவரை வந்தன. டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொன்னார். பதின்மூன்றாம் வாய்ப்பாடு வரை போக வேண்டியிருந்த நாட்களும் உண்டு. கோயிலில் இன்னும் மோசம். ஆபேல் பாஸ்டர் ஒரு வசனமும் சபையார் ஒரு வசனமுமாக மாறி மாறி வாசிப்பது பழைய மொழிபெயர்ப்பில்தான். சபையில் எல்லாரையும்விட உரக்க வாசித்த டீச்சர் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு நின்றார். பல் வலி என்றார்கள், பாஸ்டரோடு மனஸ்தாபம் என்றார்கள், வேறு சபைக்குத் தாவப்போகிறார் என்றும் ஒரு பேச்சு வந்தது. இதில் ஒரு வேடிக்கை, ஆண்கள் பக்கம் தேவானந்தமும் வாயைத் திறக்காமல்தான் நிற்பார். அவர் இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். கூடூரில் வேலை பார்த்தபோது வாங்கிய தெலுங்கு பைபிள் ஒன்றைத் தவிர வேறெதையும் தொடமாட்டார், அதையும் இன்றுவரை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார். ஒரு அதிகாரத்துக்கு முக்கால் மணி நேரம். தமிழ் டீச்சரின் புருஷன் தமிழ் வேதம் வாசிக்கமாட்டார் என்பதில் டீச்சருக்கு எத்தனையோ வருஷத்துத் தலைகுனிவு. கல்யாணத்தன்று டீச்சரின் அப்பா ஆசையாகக் கொடுத்த பைபிளைக்கூட மூன்றாம் வருஷமே டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார் மனுஷன். ஏன் என்று டீச்சர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். அந்தக் கோபம் மட்டும் ஓயவில்லை.

அக்டோபர் பத்தொன்பது ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. மறுநாள் தீபாவளி. கோயிலுக்குப் போக வேண்டாம் என்று டீச்சர் மன்றாடினார். “பல்லு வலி உனக்கு, நான் ஏன் வீட்ல உக்காரணும்?” என்று தேவானந்தம் சட்டையை மாட்டினார். காரணத்தைச் சொல்லவும் வழியில்லை. தனியே விட மனசில்லாமல் டீச்சரும் இரண்டு கைக்குட்டைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்றைய வாசிப்பு அப்பாவின் சங்கீதம். பாஸ்டர் முதல் வசனத்தைச் சொன்னதும் டீச்சர் கைக்குட்டையை அடைத்துப் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினார், பதினேழுக்குப் போனார், பத்தொன்பதுக்குப் போனார். இருநூறு பேர் அந்த வார்த்தைகளைச் சேர்ந்து சொல்ல, சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான்கு மாதமாக யாரோடும் ஒட்டாமல் ஜெபித்த மனசு அவரைக் கேட்காமலே வாயைத் திறந்துவிட்டது. கடைசி இரண்டு வசனத்தைப் பழைய குரலில், கண்ணீர் வடிய, சபை திரும்பிப் பார்க்கும்படி சொல்லி முடித்தார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. ஆண்கள் பக்கம் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. தேவானந்தம் சரிந்திருந்தார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊருக்குப் போகிற கூட்டம் பெருங்களத்தூர்வரை அடைத்து நின்றதால் ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். கோயில் வாசலில் சவாரிக்கு நின்ற அனகாபுத்தூர் சவுரிமுத்து, தேவானந்தத்தை இரண்டு பேர் தூக்கிவர, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். “பேஜார் ஆவாதக்கா. சந்துல பூந்து போய்க்கினே இருக்கேன். நீ ஜெபம் பண்ணிக்கினு வா,” என்றார். டீச்சர் மடியில் கணவரின் தலை. வாயில் வருவதெல்லாம் பழைய வார்த்தை. ஒவ்வொன்றையும் பல்லுக்குப் பின்னால் மடக்கிப்போட்டு, அதே சங்கீதத்தை எளிய தமிழில் சொல்லத் தொடங்கினார். இரண்டாம் வரி வரவில்லை. திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்லி நிற்க வைத்தவர், ஒன்றாங்கிளாஸ் பிள்ளைபோல் திக்கித் திக்கி, ஒரு சொல்லை விட்டால் மறுபடி முதலுக்குப் போய், அழுதுகொண்டே சொன்னார். தாம்பரம் சானடோரியம் தாண்டும்போது சங்கீதத்தின் ஆறு வரியும் சேர்ந்து வந்துவிட்டன. அழகில்லாத அந்த ஆறு வரிகளில் தன் உயிரே இருப்பதாக அப்போதுதான் டீச்சர் முதல்முறையாக நினைத்தார். தேவானந்தத்தின் விரல்கள் லேசாக அசைந்தன.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். ரயில்வே மெடிக்கல் கார்டைக் கேட்டார்கள். அதற்குள் ஜெரூஷா வந்துவிட்டதால் அவளை நிறுத்திவிட்டு டீச்சர் சவுரிமுத்து ஆட்டோவிலேயே வீட்டுக்குப் போனார். கார்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். சாவி எங்கே என்று தேடப் பொறுமையில்லை, சவுரிமுத்துவின் ஸ்க்ரூ டிரைவரால் பூட்டை நெம்பித் திறந்தார்கள். கார்டு மேலாகவே கிடைத்தது. அதன் கீழே துண்டில் சுற்றிய மூட்டையில் பைபிள்கள் இருந்தன. அப்பா கொடுத்தது மேலே. டீச்சர் நின்றவாக்கில் குடும்பப் பக்கத்தைத் திருப்பினார். தேவானந்தத்தின் சரிந்த கையெழுத்தில் மரணக் கட்டத்தில் ‘தபீதாள், 3.9.1999’ என்று இருந்தது. பொது மொழிபெயர்ப்பு ஒன்று, அதில் தபீதாள் 2004. ஆங்கிலம் ஒன்று, தபீதாள் 2001. கன்னடம்கூட ஒன்று, தபீதாள் 2011. பெட்டிக்குள் டீச்சர் நான்கு முறை செத்திருந்தார், நான்கும் கடந்துபோன தேதிகள்.

1999 செப்டம்பர் இரண்டாம் தேதி ஜெரூஷா பிறந்தாள். உதிரம் நிற்காமல் டீச்சருக்கு ஏழு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், மூன்றாம் தேதி பிழைக்கமாட்டார் என்றே சொன்னார்கள். கூடூரில் டியூட்டியில் இருந்த தேவானந்தம் சாயந்திரம் வந்து சேர்ந்தார், கையில் துணிமணிகூட இல்லை, ஒரு புத்தகப் பொட்டலம் மட்டும். டீச்சர் மேசைக்குப் போய் அந்தத் தெலுங்கு பைபிளை எடுத்தார். இத்தனை வருஷத்தில் அவர் அதைத் தொட்டதில்லை. முன்பக்கத்தில் ‘கூடூர், 3.9.1999’ என்று தமிழில் இருந்தது. குடும்பப் பக்கத்திலும் தமிழ்தான். ‘தபீதாள், 22.11.2051’. ரயிலில் உட்கார்ந்து, தெரியாத எழுத்தை யாரிடமாவது கேட்டுக் கேட்டு வாசித்துக்கொண்டே வந்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு நாள் விடவில்லை. கோயிலில் வாயைத் திறக்கவுமில்லை. டீச்சர் அந்தப் புத்தகத்தை மாரோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்த மனுஷனையா இத்தனை வருஷம் ஏசினோம் என்று வாய்விட்டே சொன்னார். சவுரிமுத்து, “கார்டு கெட்ச்சிருச்சில்ல, கெளம்பலாங்க்கா,” என்றார்.

ஸ்டென்ட் வைத்து நான்காம் நாள் தேவானந்தத்தை வார்டுக்கு மாற்றினார்கள். கண் விழித்ததும் முதலில் கேட்டது, “பைபிள் கொண்டாந்தியா?” என்றுதான். நான்கு நாள் வாசிக்காமல் போய்விட்டதே என்ற பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. டீச்சர் பையிலிருந்து தெலுங்கு பைபிளை எடுத்து அவர் மார்பின்மேல் வைத்தார். பிறகு தன்னுடைய எளிய தமிழை எடுத்து, குடும்பப் பக்கத்தைத் திருப்பி அவருக்குக் காட்டினார். தேவானந்தம் கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கி வாசித்தார். பெட்டியை உடைத்தது தெரிந்துபோயிற்று, இவளுக்கும் இது வந்திருக்கிறது என்பதும் தெரிந்துபோயிற்று. எட்டு வருஷம் இடிக்கிறது என்பதைக் கணக்குப் போட்டது டீச்சர்தான்.

“நாப்பத்தி மூணுக்கும் அம்பத்தொண்ணுக்கும் நடுவுல நான் மட்டும் என்னங்க பண்றது?”

“அதுக்குள்ள வேற மொழிபெயர்ப்பு வரும் தபி,” என்றார் தேவானந்தம். “அவங்க சும்மாவா இருப்பாங்க?”

இப்போதும் காலை ஆறு மணிக்கு அந்தத் தெருவில் நடக்கிறவர்களுக்கு இரண்டு குரல் கேட்கும். ஒன்று தெலுங்கை எழுத்துக்கூட்டும், மற்றது தமிழைப் பிடிக்காத குழம்பைப் பிசைவதுபோல் வாசிக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்பதற்குச் சபையாரும் பழகிவிட்டார்கள், ஆபேல் பாஸ்டர் அதைப்பற்றிக் கேட்பதில்லை. மாதத்துக்கு ஒருமுறை டீச்சர் ஜாய்சன் கடைக்குப் போய், புதிதாக ஏதாவது மொழிபெயர்ப்பு வந்திருக்கிறதா என்று கேட்பார். டீச்சர் ஏதோ ஆராய்ச்சி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஜாய்சன், வந்தால் முதல் பிரதி உங்களுக்குத்தான் என்று சொல்லி, அவருடைய போன் நம்பரைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்.