கனடாத் துணுக்கில் ஒரு சத்தியம்

நூலின் ஒரு முனை தாட்சாயினியின் பற்களுக்கிடையில் இருந்தது, மிச்சம் இரண்டு கைவிரல்களிலும். கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்த இந்திராதேவியின் இடது புருவம் பாதி எடுத்தாயிற்று. பாரிசின் லாச்சப்பலில் சனிக்கிழமை முற்பகல் என்றால் அந்த அழகு நிலையத்தில் காத்திருப்பவர்களுக்கு வாசற்படிதான் இருக்கை. இந்திராதேவி புறநகர் சார்செலில் தாட்சாயினி இருக்கும் கட்டடத்திலேயே நாலாம் மாடி. புருசன்மார் இருவருக்கும் விமான நிலையத்தில் பொதிகள் ஏற்றுகிற ஒரே வேலை. முகத்தை அசைக்காதேயுங்கோ என்று எத்தனை தரம் சொன்னாலும் அந்த மனுசி வாய் மூடியதில்லை.

“நேற்றையத் தோரணம் பாத்தனியே, தாட்சா? நாங்கள் வீட்டிலை வயிறு நோகச் சிரிச்சம். பொறு, போட்டுக் காட்டுறன்.”

தோரணம் என்றால் ‘கனடாத் துணுக்குத் தோரணம்’. ஸ்காபரோவில் இருந்து ரஜனி நடத்தும் யூரியூப் நிகழ்ச்சி. நெடுஞ்சாலையை மறித்து நின்ற வாத்துக் கூட்டம், முதல் சுற்றிலேயே தோற்றுப்போன ஹொக்கி அணி, மூன்றாவது மனைவியையும் பிரிந்த நடிகர், பனிப்புயலில் மூடிய பள்ளிக்கூடங்கள் என்று இருபது நிமிடத்தில் ஒரு நாட்டையே அள்ளித் தந்துவிடுவாள். தாட்சாயினி அதைத் தினமும் ரயிலில் பார்ப்பாள். பிரான்சின் மந்திரி யாரென்று கேட்டால் முழிப்பாள், கனடாவில் எந்த நடிகைக்கு எந்த மாதம் பிரசவம் என்று கேட்டால் மணி அடித்தமாதிரிச் சொல்வாள். இன்று காலை மட்டும் ரயிலில் கைபேசியை வெளியே எடுக்கக்கூட இடம் கிடைக்கவில்லை.

ரஜனி வெறும் அறிவிப்பாளர் இல்லை. போர் முடிந்தபின் அடைத்துவைத்த செட்டிகுளம் முகாமில் ஒரே கூடாரத்தில் ஒரு பாயில் படுத்தவர்கள் இருவரும். அங்கே பிரிந்தபின் நேரில் காணவேயில்லை. தாட்சாயினி நசனாலித்தே என்கிற பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்ததே அந்தக் கடவுச்சீட்டோடு விமானம் ஏறி அவளைப் போய்ப் பார்க்கத்தான். ஆறு மாதம் அரசர்களையும் ஆறுகளையும் பாடமாக்கினாள். பிரிபெக்சர் அலுவலகத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்ட அதிகாரி அம்மா எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், பிரான்சின் பாடகி ஒருவரைச் சொல்லுங்கள் என்றாள். இவள் யோசிக்கவேயில்லை. ரஜனி வாரம் தவறாமல் சொல்லுகிற, பிரெஞ்சில் பாடுகிற அந்தப் பெரிய பாடகியின் பெயரைச் சொன்னாள். “அவர் கனடாக்காரர், மடாம்” என்று அந்த அம்மா சிரித்தாள். இல்லை, பிரெஞ்சுக்காரிதான் என்று இவள் வாதாடவும் செய்தாள்.

வேறு பிழைகளும் விட்டிருப்பாள் போலும். விண்ணப்பத்தை இரண்டு வருடம் தள்ளிவைத்திருப்பதாகக் கைபேசிக்குப் பதில் வந்தது. பதில் இன்னும் வரவில்லை என்று புருசன் யோகநாதனிடம் சொல்லிவிட்டாள். நேர்முகம் நல்லாகப் போனதென்று அந்த மனுசன் வேலையிடம் முழுக்கச் சொல்லித் திரிந்திருந்தார். அவரது முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அழுவதற்கு இருந்தது ரஜனி ஒருத்திதான். குரல்பதிவில் எல்லாவற்றையும் கொட்டி, ஒருத்தருக்கும் சொல்லாதே என்றாள். “என்ரை பிள்ளையாணை சொல்லமாட்டன்” என்று பதில் வந்தது.

இந்திராதேவி கைபேசியை வயிற்றின்மேல் நிமிர்த்தி வைத்தாள். ரஜனியின் சிரித்த குரல் கேட்டது. “இண்டைக்கு எங்கடை கனடாப் பாடகி பாரிசிலை ஒரு அக்காவின்ரை நசனாலித்தேயைக் கெடுத்த கதை. அவவின்ரை வாயாலையே கேளுங்கோ.” அதன்பின் எலிக்குஞ்சின் கீச்சாக மாற்றப்பட்ட ஒரு குரல். “நான் சொன்னனான், இல்லை மடாம், அவ பிரெஞ்சுக்காரிதான் எண்டு. வற்றாப்பளைக் கண்ணகையாணை எனக்கு வேறை பேர் வாயிலை வரேல்லை.” பின்னால் கைதட்டும் ஓசை, பெட்டியில் அடைத்து விற்கிற சிரிப்பு.

வாசற்படியில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். தாட்சாயினியின் வாயில் நூல். இந்திராதேவியின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. அவள் கண்ணைத் திறந்தாள். நேற்று வீட்டுச் சிரிப்புக்குள் காதில் விழாமல் போன சத்தியம் இன்று விழுந்தது. நூல் அறுந்தாலும், ரயில் பிந்தினாலும், தேத்தண்ணி சுட்டாலும் தன் ஊர் அம்மனை இழுத்து வற்றாப்பளைக் கண்ணகையாணை என்று சொல்லும் வாய் லாச்சப்பலில் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும்.

“தாட்சா… இது…”

தாட்சாயினி நூலை வாயிலிருந்து எடுத்தாள். “கண்ணை மூடுங்கோ அக்கா. மற்றப் புருவம் கிடக்கு.”

இந்திராதேவி மூடினாள். அதற்குப் பிறகு ஒரு சொல் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் தாட்சாயினிக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

‘ஏனடி?’ என்று ஒரே ஒரு சொல்லை ரஜனிக்கு எழுதிவிட்டு மத்தியானம்வரை காத்திருந்தாள். ஸ்காபரோவில் விடிந்ததும் குரல்பதிவு வந்தது. “எடி, பேர் சொல்லேல்லையே. குரலையும் மாத்திப்போட்டுத்தான் விட்டனான். உன்னாலை ஒரு ராத்திரியிலை நாற்பதாயிரம் பேர் பாத்திருக்கினம், தெரியுமே? சந்தோசப்படு. உப்பிடி வேறை ஏதும் நடந்தால் சொல்லு, என்ன.”

தாட்சாயினி அதை இரண்டு தரம் கேட்டாள். அந்தக் குரலில் ஒரு சொட்டுக் குற்றவுணர்வு கூட இல்லை. பதினேழு வருடம் தன் வாயிலிருந்து போனதெல்லாம் ஒரு சிநேகிதியின் காதுக்குத்தான் போனது என்று நினைத்திருந்தது எவ்வளவு பெரிய மடைத்தனம். அழுகைகூட வரவில்லை. இனி அழுது யாரிடம் சொல்வது?

மூன்று மணிக்கு வேலையிடத்திலிருந்து யோகநாதனின் செய்தி ஒன்று. எழுத்து ஒன்றும் இல்லை. அந்தக் காணொளி மட்டும்.

அடுத்துக் கதிரையில் வந்து இருந்தவள் ரோசாலி, பல வருட வாடிக்கையாளரான பாண்டிச்சேரிக்காரி. தாட்சாயினி புது நூலை இழுத்துப் பல்லுக்குள் வைத்தாள். இரண்டாவது இழுப்பிலேயே நூல் பட்டென்று அறுந்தது.

ரோசாலி கண்ணை மூடியபடி சிரித்தாள். “என்னங்க, நூல் அறுந்தும் சத்தத்தையே காணோம்? இன்னிக்கு உங்க அம்மனுக்கு லீவா?”

தாட்சாயினி ‘வற்’ என்றதுவரை நாக்கில் வந்திருந்ததை அறுந்த நூலோடு சேர்த்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.