விசிறி மண்டபத்து நாற்காலிகள்

வாக்கியக் கணக்கு என்றாலே அண்ணிக்கு ஆகவே ஆகாது. வெறும் எண்களாகக் கொடுத்தால் மடமடவென்று போட்டுவிடுவாள். 'ஓர் அரங்கில்' என்று ஆரம்பித்தால் போச்சு, பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். கல்யாணத்துக்காகப் பள்ளியைப் பாதியில் விட்டவள், தனித்தேர்வராக இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கணக்கில் கோட்டைவிட்டாள். போன வாரத்தோடு மாலை வகுப்புக்கும் முழுக்குப் போட்டாயிற்று. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவளும் நாத்தனாரும் ஒரே மண்டபத்தில் வேலை பார்த்தார்கள். பெருக்குவது, துடைப்பது, நாற்காலி போடுவது. நாத்தனார் புருஷனுக்குத் தங்கை. படபடவென்று பேசுவதால் எல்லோருக்கும் அவள் பட்டாசு.

அன்று மாலை இசை நிகழ்ச்சி. மண்டபமோ விசிறி மாதிரி, மேடைப் பக்கம் குறுகி, பின்னால் போகப்போக விரியும். மேலாளர் சொல்லிவிட்டுப் போனார்: "எட்டு வரிசை. ஒவ்வொரு வரிசையிலயும் அதுக்கு முந்தின வரிசையைவிட மூணு சேர் கூடணும். நூத்தியெண்பது சேரும் போட்டாகணும், அத்தனை பேருக்கு அழைப்பு போயிருக்கு."

முதல் வரிசையில் பத்து போட்டுத் தொடங்கினார்கள். எட்டு வரிசை முடிந்தும் பதினாறு நாற்காலி மிச்சம். எல்லாவற்றையும் கலைத்துப் பதினைந்தில் ஆரம்பித்தால், கடைசி வரிசை பாதிகூட நிரம்பவில்லை. இருவருக்கும் இடுப்பு விட்டுப்போயிற்று.

"அண்ணி, நீங்கதான் கணக்கு படிக்கிறீங்களே, போட்டுச் சொல்லுங்களேன்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் அண்ணியை உடைத்தது.

"நான் கிளாசுக்குப் போறதில்ல பட்டாசு. நமக்கு அது மண்டையில ஏறாதுடி."

"யாரு சொன்னா?"

"ரெண்டு தடவை பேப்பர் சொல்லிச்சு."

"பேப்பர் கிடக்குது. முதல் வரிசைக்கு எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க, நான் போடறேன்."

அண்ணி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வரிசைகளையே பார்த்தாள். "எல்லா வரிசையும் முதல் வரிசை மாதிரியே இருந்தா சுலபம்," என்று முணுமுணுத்தாள். "இந்த மூணு மூணுதான் வம்பு. அதைத் தனியா ஒதுக்கிட்டா?"

இரண்டாவதில் மூன்று அதிகம், மூன்றாவதில் ஆறு, இப்படியே போய் எட்டாவதில் இருபத்தொன்று. சாக்குக்கட்டியால் தரையில் எழுதிக் கூட்டினாள். எண்பத்துநான்கு. நூற்றெண்பதில் அதைக் கழித்தால் தொண்ணூற்றாறு. அதை எட்டால் வகுத்தாள்.

"பன்னெண்டு போடு."

போட்டார்கள். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

தன் கையெழுத்தைத் தரையில் பார்த்தபோதுதான் அண்ணிக்கு உறைத்தது, தேர்வில் தன்னை மிரட்டியதும் இதே ஜாதிக் கணக்குதான் என்று. கண் கலங்க, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பட்டாசு பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"கிளாஸ் எத்தனை மணிக்கு அண்ணி?"

"ஆறுக்கு."

"கிளம்புங்க. இங்க நான் பாத்துக்கறேன்."

அண்ணி போனாள். ஆசிரியை பெஞ்சில் இடம் காட்டினாள். அடுத்த தேர்வில் அண்ணி கணக்கில் தட்டுத்தடுமாறித்தான் தேறினாள். பட்டாசு தெருவெல்லாம் சொன்ன கதையில் மட்டும், அண்ணிதான் முதல் மதிப்பெண்.