முயல் வாலுக்கு முடிவெட்டு

எனக்குப் பொறுமை கிடையாது. நான் சொல்லாவிட்டால் என் தங்கை சொல்லிவிடுவாள், அதனால் நானே சொல்கிறேன். உல்லன் நூலை முள்கரண்டியில் சுற்றி, நடுவில் கட்ட மறந்து கத்தரித்தேன். அத்தனையும் பொலபொலவென்று மடியில் கொட்டியது. வந்த ஆத்திரத்தில் கரண்டியை மேஜைமேல் வீசினேன்.

"இது வால் இல்ல பெரியம்மா, குப்பை" என்றாள் என் தங்கை மகள்.

"உங்க டீச்சருக்கு வேற வேலையே இல்லையா? முயலுக்கு வால் இல்லேன்னா இப்ப யாரு அழுதா?"

அவள்தான் அழுதுவிடுவாள் போலிருந்தது. மறுநாள் பள்ளியில் நடனம். இவள் முயல். பஞ்சுப்பந்து மாதிரி உருண்டையாக ஒரு உல்லன் வால் வீட்டிலேயே செய்துகொண்டு வரவேண்டுமாம். அம்மாக்காரி தொழிற்சாலையில் பகல் ஷிப்டில் இருந்தாள். வெள்ளை நூல் என்னுடையது. ஸ்வெட்டர் பின்னப்போகிறேன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து வாங்கி, ஒரு சாண்கூட ஏறாமல் பெட்டிக்குள் போட்டது.

அந்த நேரத்தில்தான் சலூன்காரர் சாப்பிட வந்தார். தங்கையின் இரண்டாவது கணவர். இவளைப் பெற்றவர் நோயில் போய்ச் சேர்ந்தபின், போன வருஷம்தான் இவரைக் கட்டினாள். தங்கமான மனுஷன். ஆனால் குட்டிக்கு அவர் "அவரு"தான். அவர் வாங்கித் தருவதைச் சாப்பிடுவாள், சைக்கிளில் பின்னால் உட்காருவாள். தலையில் மட்டும் கைவைக்க விடமாட்டாள். தலை வாரிவிடுவது அவளுடைய அப்பாவின் வேலையாக இருந்தது. அவருக்குப் பிறகு அம்மாவின் சீப்பு வரைக்கும் சரி, கத்தரிக்கோலைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். தெருப் பிள்ளைகளெல்லாம் அவர் நாற்காலிக்கு அடித்துக்கொள்ள, அவர் வீட்டுப் பிள்ளை கண்ணை மறைக்கும் முன்முடியை ஒற்றை ஹேர்பின்னில் அடக்கிக்கொண்டு திரிந்தாள். அவர் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. ஆனால் அந்தத் தலையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கை சும்மா இருக்கமுடியாமல் சட்டைப்பையைத் தடவும். ஒரே ஒரு தரம் அவள் நம்பி உட்கார்ந்தால் போதும் அவருக்கு. எனக்குத் தெரியும்.

மடியில் கிடந்த நூலைப் பார்த்தார். சோற்றுப் பக்கம் போகவில்லை.

"செருப்பு வாங்கின டப்பா இருக்கா அக்கா?"

அட்டைமேல் டம்ளரைக் கவிழ்த்து இரண்டு வட்டம் போட்டார். நடுவில் பாட்டில் மூடியை வைத்து இன்னொரு சின்ன வட்டம். வெட்டியெடுத்து, ஓரத்தில் வாசல் மாதிரி ஒரு திறப்பு விட்டு, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நூலைச் சுற்ற ஆரம்பித்தார். அட்டையே தெரியாத அளவுக்குச் சுற்றினார்.

"போதும் மாப்பிள்ளை, என் ஸ்வெட்டரே காலியாயிடும் போல!"

"இன்னும் சுத்தணும் அக்கா. இப்ப விட்டா வழுக்கை விழுந்துடும்."

குட்டி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு அட்டைக்கும் நடுவே கத்தரிக்கோலை நுழைத்து, ஓரமாகவே வெட்டிக்கொண்டு போனார். ஒரு இழை உதிரவேண்டுமே! பிறகு நடுவில் கெட்டி நூலைக் கொடுத்து இறுக்கி, "முடிச்சு நழுவும், ஒரு விரல் வை" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் எங்கோ பார்த்தேன். விரலை வைத்தாள்.

அட்டையை உருவியதும் வந்தது என்னவோ தூங்கி எழுந்த பூனை மாதிரிதான் இருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார்.

"சார், கொஞ்சம் தலையை நேரா வைங்க."

குட்டி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சீப்பு தூக்க, கத்தரி நறுக்க, பந்து அவர் விரல் நுனியில் உருண்டது. கை என்றால் அது கை! கண்ணால் பார்த்து வெட்டுகிற மாதிரியே இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே உருண்டை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எனக்கு அது லேசில் நடக்காது.

கடைசியில், அடியில் நீளமாக இரண்டு நூல் தொங்கியது. பழகின கை. நறுக்.

"ஐயோ! அதுலதானே இடுப்புல கட்டணும்!" குட்டி கத்தினாள். "எங்கப்பாவா இருந்தா வெட்டியிருக்க மாட்டாரு!"

அவளை ஒரு அதட்டுப் போடலாமென்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஆமாம்மா. வெட்டியிருக்க மாட்டாரு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

அவ்வளவுதான். சமாளிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. முகம் மட்டும் செத்துப்போயிருந்தது. பந்தின் இழைகளை விலக்கி உள்ளே விரலால் தேடினார். "முடிச்சு அவிழல. அதுக்கு அடியில வேற நூலை இழுத்துடலாம். வளைக்கிற மாதிரி ஒரு கம்பி வேணும்."

நான் அலமாரி, டப்பா என்று குடைந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், குட்டி தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். முடி மொத்தமும் முகத்தில் சரிந்தது.

அவர் அதை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, விரலாலேயே வழி பார்த்து, பந்துக்குள் விட்டார். வெளியே வந்தபோது கொக்கியில் புது நூல் இருந்தது. முடிச்சுப் போட்டு அவளிடம் கொடுத்தார்.

"இழுத்துப் பாரு."

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். வால் அசையவில்லை. இடுப்பில் கட்டிவிட்டேன். ஒரு குதி குதித்தாள், இன்னொரு குதி, மூன்றாவதில் நேராக மேஜைக்காலில் போய் முட்டிக்கொண்டாள்.

"ஒண்ணுமே தெரியல!"

ஹேர்பின்னைப் பார்த்தோம். இனி அது எதற்கும் ஆகாது. "கடையில போய் வேற வாங்கிட்டு வந்துடறேன்" என்று அவர் செருப்பைத் தேடினார்.

அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டு, முடிக்குள்ளிருந்து அவரையும் மேஜைமேல் உதிர்ந்துகிடந்த வெள்ளை நூலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முக்காலியை அவர் பக்கமாக இழுத்துப்போட்டு, வாலை நசுக்காமல் பக்கவாட்டில் ஒதுக்கி உட்கார்ந்தாள்.

"பார்த்து வெட்டச் சொல்லு பெரியம்மா. தொங்கறதையெல்லாம் வெட்டிடுவாரு."

நான் சிரித்தேன். சிரித்தவளுக்கு எங்கிருந்தோ கண்ணில் தண்ணீர் வந்து தொலைத்தது. அவர் சிரிக்கவில்லை. துண்டை உதறி அவள் தோளில் போர்த்தினார். கத்தரிக்கோலை எடுக்கவில்லை. முதலில் வெறும் கையால், அந்தத் தலையை மெதுவாகத் தடவிக்கொடுத்தார். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.