ஒப்பிடத் தக்கவர்

புகார்ப் படிவத்தின் ஏழாம் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. 'உங்களோடு ஒப்பிடத் தக்கவர் பெயர்' என்று போட்டிருந்தது.

"அப்படின்னா யாருங்க?" என்றாள் அக்கா. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாக நீராவி இஸ்திரி இயந்திரம் ஓட்டுகிறவள். அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான்.

"உங்க வேலையையே செய்யற ஒரு ஆம்பளை. அவருக்குக் கிடைச்சது உங்களுக்குக் கிடைக்கலைன்னு காட்டணும்," என்றாள் வக்கீலம்மா. "சும்மா அநியாயம்னு சொன்னா சட்டத்துக்குக் காது கேக்காது."

அநியாயம் என்னவோ பட்டவர்த்தனம். சலவைக்கூடம் வேறு இடத்துக்குப் போகிறது. 'இயக்குபவர்'களுக்கு அங்கே வேலை உண்டு. 'உதவியாளர்'களுக்கு இந்த மாதத்தோடு சரி. ஒரே மாதிரி இயந்திரங்களை ஓட்டினாலும் ஆண்களெல்லாம் இயக்குபவர்கள், பெண்களெல்லாம் உதவியாளர்கள். யாருக்கு உதவி என்றுதான் எவனுக்கும் தெரியாது.

சிக்கல் என்னவென்றால், இஸ்திரி இயந்திரத்தை அவளோடு ஓட்டும் ஒரே ஆண் அவள் கூடப்பிறந்த தம்பி. யார் யார் காலையோ பிடித்து அவள்தான் அவனைச் சேர்த்துவிட்டாள்.

"அவன் வேலை போயிடுமா?"

"புகார் நிர்வாகத்து மேலதாங்க. அவர் மேல இல்ல."

"அப்போ அவன் பேரு எதுக்கு?"

வக்கீலம்மா மறுபடி முதலிலிருந்து விளக்கினாள். அக்கா மண்டையை மண்டையை ஆட்டினாள், ஒன்றும் ஏறவில்லை. கட்டம் காலியாக இருந்தால் மனுவைத் தள்ளிவிடுவார்கள், இன்றே கடைசி நாள் என்பது மட்டும் புரிந்தது. படிவத்தோடு வெளியே வந்தாள்.

வராந்தா பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். யாரோ வத்தி வைத்துவிட்டார்கள்.

"என் மேல எழுதிக் குடுக்கறியாமே?"

"உன் மேல இல்லடா. யார் மேலன்னு எனக்கே குழப்பமா இருக்கு. எழுதலன்னா என் வேலை போகும். எழுதினா உனக்கு என்ன ஆகும்னு தெரியல. அதான் எழுதல."

அவன் படிவத்தை வெடுக்கென்று வாங்கினான். ஏழாம் கட்டத்தை இரண்டு முறை படித்தான்.

"அங்க போய் உன் மெஷினை எவன் ஓட்டுவான்?" என்று முணுமுணுத்தபடி தன் பெயரை எழுதினான். பக்கத்தில் பதவி: இயக்குபவர். கீழே, 'அவருக்குப் பயிற்சி அளித்தவர்' என்று ஒரு கட்டம். அங்கே அக்காவின் பெயரை எழுதினான். பதவி: உதவியாளர்.

கை பழக்கத்தில் எழுதியது. எழுதியதைப் பார்த்துத் தம்பியின் முகம் செத்துவிட்டது.

"அடிச்சிடவா அக்கா?"

அவள் இரண்டு வரிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பாதிதான் புரிந்தது, அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

"அடிக்காத," என்றாள். "அப்படியே குடுத்துட்டு வா."